பள்ளிகொண்டபுரம்: குலைந்தது எந்தக் குடும்பம்?

நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ 1970இல் வெளிவந்த புதினம். திருவனந்தபுரமே அதன் களம். மனைவி கார்த்தியாயினி செல்வாக்கு மிக்க விக்ரமன் தம்பியுடன் சென்றுவிட, மகன் பிரபாகரன் நாயரையும் மகள் மாதவிக்குட்டியையும் தனியாளாக வளர்த்தவர் அனந்தன் நாயர். நோயுற்ற உடலோடு தம் ஐம்பதாம் பிறந்தநாளன்று பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்கிறார். அன்றும் மறுநாளுமாக அவர் மனத்தில் ஓடும் நினைவுகளே கதையாகின்றன.

படிப்போரின் இரக்கம் அவரிடம் சேர்வது இயல்பே. ஆயின் அவ்விரக்கம் கார்த்தியாயினியின் மீதான அறத்தீர்ப்பாக மாறலாமா என்பது ஆராயத்தக்கது. தமிழ் வாசகர் கையில் கற்பு என்னும் அளவுகோல் எப்போதும் ஆயத்தமாக உள்ளது. அது இங்குப் பொருந்துமா?

மருமக்கள்தாய முறையில் குடும்பம் என்பது தாய்வழித் தறவாடு. கணவன் அதன் உறுப்பினன் அல்லன். பிள்ளைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தோர். சம்பந்தம் என்னும் மணவுறவு முறிந்தாலும் தறவாடு குலைவதில்லை. 1912, 1925ஆம் ஆண்டுகளின் திருவிதாங்கூர் நாயர் சட்டங்கள் இவ்வமைப்பை மாற்றின. மணவுறவு சட்ட ஏற்புப் பெற்றது. கணவன் ஈட்டிய சொத்தில் மனைவி மக்களுக்குப் பங்கு வந்தது. தறவாட்டுச் சொத்தை ஆள்வீதம் பிரித்துக்கொள்ள வழி பிறந்தது. கூட்டுக்குடும்ப முறையைக் கேரளம் முழுவதும் ஒழித்த சட்டம் 1975இல்தான் இயற்றப்பட்டது. ஆக, அனந்தன் நாயர் இழந்து வருந்தும் குடும்பம் தொன்மையானதன்று. தந்தையை நடுவாகக் கொண்டு அண்மையில் உருப்பெற்றது. (கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ நாஞ்சில் நாட்டு மனைவியின் குரலில் முறையிட்டது, இங்கே முறையிடுபவர் கணவர்.)

இதனால் அவர் துயர் பொய்யாகிவிடாது. எனினும், கார்த்தியாயினியை நாம் பெரும்பாலும் அவர் நினைவின் வழியாகவே காண்கிறோம். வழக்குத் தொடுத்தவரும் சான்று சொல்பவரும் ஒருவரே. கற்பை வைத்து விரைந்து தீர்ப்பெழுதும் வாசிப்பு இதனைக் கவனிப்பதில்லை.

புதினத்தின் கூர்மையான அறவினா பிள்ளைகளிடம் எழுகிறது. திருமாலைத் தாங்கும் பாம்பணையின் பெயரை ஆசிரியர் இம்மனிதருக்கு இட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தாங்கியே வாழ்ந்தவர், தாங்கியதற்கு ஈடாக, தம் தீர்ப்பே பிள்ளைகளின் தீர்ப்பாகவும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். வளர்த்த பாடு அத்தகைய உரிமையைத் தருமா? மகனும் மகளும் அவ்வாறு நினைக்கவில்லை. அதை நன்றியின்மை எனல் எளிது. அவர்கள் தாயை நியாயப்படுத்துகிறார்கள் என்பதைவிட, பெற்றோரின் வழக்கிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்கிறார்கள் என்று கொள்வதே பொருத்தம்.