இழப்பில் யாருக்குப் பங்கு?

காவிரிக் கடைமடையில் அமைந்த நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் வேளாண்மைப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தான். ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்ததும் அவனுடைய தந்தை நம்மைத் தேடி வந்தார். மகனுக்கு அங்கக வேளாண்மைப் பாடத்தில் பற்று மிகுந்துவிட்டதாம். மேற்படிப்பையும் அதிலேயே தொடர எண்ணுகிறானாம். "எங்க பாட்டன் எருவும் தழையும் போட்டுச் செஞ்ச விவசாயம்தானே சாமி இது? அதுக்கு எதுக்குக் காலேசு, பட்டம்?" என்று கேட்டார். அவர் குரலில் சினமில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. நாமும் அன்று ஏதோ மழுப்பி அனுப்பிவைத்தோம். ஆயினும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

பாட்டன் அறிந்திருந்ததைப் பேரன் பல்கலைக்கழகத்தில் கற்பது வீணா? வீணன்று என்றே இன்று சொல்வோம். பாட்டனின் கொட்டிலில் ஆறு மாடுகள் நின்றன. பேரனின் வீட்டு வாசலில் டிராக்டர் நிற்கிறது. அது எரு போடுவதில்லை. ஒரு டன் தொழு எருவில் தழைச்சத்து ஏறத்தாழ 5 கிலோதான். ஹெக்டேருக்குப் பரிந்துரைக்கப்படும் 12.5 டன்னையும் முழுமையாக இட்டாலும் 60 கிலோவை ஒட்டியே தேறும். அதிலும் ஒரு பகுதியே முதற் பயிருக்குக் கிட்டும். மத்திய கால நெல்லுக்கோ 150 கிலோ வேண்டும் என்கிறது அதே பரிந்துரை. எஞ்சியதைத் தக்கைப்பூண்டு எவ்வளவு தரும்? அதை எந்த நாளில் மடக்கி உழவேண்டும்? அசோஸ்பைரில்லம் எம்மண்ணில் நிலைக்கும்? பாட்டனுக்கு இக்கணக்குத் தேவைப்படவில்லை. அவர் காலத்து விளைச்சலைக் கொண்டு இன்றைய கடனை அடைக்கவும் இயலாது. கணக்கு வேண்டுமெனில் கல்வி வேண்டும்.

எனவே படிப்புத் தேவையா என்பதில் நமக்கு ஐயமில்லை. நம்மை உறுத்துவது வேறொன்று. கற்றவன் சொல்கிறான், கேட்டவன் செய்கிறான், விளையாமற் போகிறது. அந்த இழப்பு யாருடையது?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்த இருவரைக் குறிப்பிடலாம். ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர் கேம்பிரிட்ஜில் பயின்றவர். இளமையில் மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய் ஆய்வாளராகப் பணியாற்றினார். பிறருக்கு அறிவுரை வழங்குமுன் அதைத் தாமே செய்து பார்க்கத் தமக்கென ஒரு துண்டு நிலமும் இல்லையே என்பது அவரை அங்கே வாட்டியது. 1905இல் பீகாரிலுள்ள பூசா ஆய்வு நிலையத்துக்கு வந்தபோது அவர் விரும்பிப் பெற்றது நிலத்தையே. ஏறத்தாழ 75 ஏக்கர். அங்கே சுற்றுப்புறத்து உழவர்களையும் பூச்சிகளையுமே தம் பேராசிரியர்களாகக் கொண்டார். பிற்காலத்தில் இந்தூரில் அவர் வகுத்த மட்கு உரமுறை உலகெங்கும் பரவியது. உழவரிடம் கற்றதைத்தான் பல்கலைக்கழகங்கள் இன்று கற்பிக்கின்றன என்று அந்தத் தந்தையிடம் அன்றே சொல்லியிருக்கலாம். நமக்கு அப்போது தோன்றவில்லை.

மற்றவர் நம் தஞ்சைத் தரணியின் நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, 1963இல் கோவில்பட்டி மண்டல ஆய்வு நிலையத்தில் பணியேற்றவர். மானாவாரி நிலத்து ஏழை உழவனுக்கு விலையுயர்ந்த விதையும் உரமும் பூச்சிக்கொல்லியும் கொண்ட ஆய்வுகள் பயன்படா எனக் கண்டு, 1969இல் அரசுப் பணியைத் துறந்தார். 2013இல் அவர் மறைந்தார். இன்று கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இயற்கை வேளாண்மை ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எந்தக் கல்வி முறையை விட்டு அவர் வெளியேறினாரோ, அதே கல்வி முறை அவர் பெயரைச் சூட்டிக்கொண்டுள்ளது. இதைக் கண்டு ஏளனம் செய்வாரும் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நிறுவனங்கள் மனம் மாறுவது அரிது. மாறும்போது வரவேற்பதே முறை.

ஆயினும் மனமாற்றத்துக்கு ஈடுசெய்தலும் வேண்டும் அன்றோ? அறுபதுகளில் யூரியாவைப் பரிந்துரைத்தவர்களை நாம் தீயவராகக் கருதவில்லை. அமெரிக்கக் கோதுமைக்காக நாடு காத்திருந்த காலம் அது. பசி தீர்க்கவே அவர்கள் முனைந்தனர், பெருமளவு தீர்க்கவும் செய்தனர். ஆனால் மண் களைத்து, செலவு பெருகி, உழவன் கடனில் ஆழ்ந்தபோது, பரிந்துரைத்தவருக்கு ஓய்வூதியம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இன்று யூரியாவை விடச் சொல்பவர் நிலையும் இதுதான். இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். அங்ககச் சான்றிதழ் பெற, நம் நாட்டு விதிகளின்படி, ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டும் பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டும் நிலத்தை மாற்றுக் காலத்தில் வைத்திருக்க வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையக்கூடும். அங்கக விளைபொருளுக்குரிய விலையும் கிட்டாது. தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாக வரும் இந்த இடைவெளியை உழவன் தன் மகளின் திருமணத்தைத் தள்ளிவைத்துக் கடக்கிறான்.

2021இல் இலங்கையில் நிகழ்ந்ததை அனைவரும் அறிவோம். அவ்வாண்டு மே மாதத்தில் வேதியியல் உரங்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது; நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் நெல்லும் தேயிலையும் பெருத்த அடி வாங்கின. அதைக்கொண்டு அங்கக வேளாண்மையே பொய் என்போர் அவசரப்படுகின்றனர் என்பது நம் கருத்து. ஆண்டுகள் பல கொண்டு, எருவும் பயிற்சியும் முன்னேற்பாடாக அமைத்து நடக்கவேண்டிய மாற்றத்தை ஒரே ஆணையால் சுமத்தியதே பிழை. ஆணையிட்டவர் வயலில் கதிர் சாவியாகவில்லை. பொலன்னறுவையிலும் கிளிநொச்சியிலும் இருந்த உழவர் வயலில் ஆயிற்று.

பிறரைச் சுட்டும்போது நம்மையும் மறந்துவிடலாகாது. மண்ணைக் காப்பது கடமை என்று மறையுரை மேடையிலிருந்து நாமும் பலமுறை முழங்கியிருக்கிறோம். பங்குக்குச் சொந்தமான நிலத்தைக் குத்தகைக்கு விட்டபோது, எரு இட்டுப் பயிரிடுவோருக்கு முதல் இரண்டாண்டுக் குத்தகையைக் குறைக்கலாம் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அந்த இளைஞன் இறுதியாண்டில் ஊரகப் பணி அனுபவத்துக்காக வேறொரு சிற்றூரில் தங்கியிருந்தான். உழவர்களைக் கூட்டிப் பசுந்தாள் உரம் பற்றி விளக்கினானாம். முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எல்லாம் சரிதான். உங்களுக்கு எத்தனை மா நெலம் இருக்கு? அதுல இதச் செஞ்சிருக்கீங்களா?" என்றாராம். இவன் விடையின்றி நின்றிருக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் தந்தையிடம் ஒன்றரை மா நிலம் கேட்டான். அவரோ மீண்டும் நம்மிடம் வந்தார். இம்முறை நாம் மழுப்பவில்லை; "கொடுங்கள்" என்றோம்.

வாய்க்கால் தண்ணீர் கடைசியாக எட்டும் மேட்டு வயலைத்தான் அவர் மகனுக்கு ஒதுக்கினார். கூட்டுறவுச் சங்கக் கடனில் அந்த நிலத்துக்குரிய பங்கையும் அவன் பெயரில் பிரித்து ஒரு தாளில் எழுதி, எண்ணிப் பார்த்துக் கையில் கொடுத்தார். இளைஞன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தக்கைப்பூண்டு விதைக்குச் சொல்லிவைக்கப் புறப்பட்டான்.