முகச்சுருக்கமும் உயிரிரக்கமும்

செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில் செதுக்கப்பட்ட 24 தீர்த்தங்கரர் திருமுகங்களில் முதுமையின் கோடு எதுவுமில்லை. அதே குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் உள்ளது. அவரை வணங்கி இறங்கும் நாம், வீட்டுக் கண்ணாடியில் ஒரு சுருக்கம் கண்டால் கலங்குகிறோம்.

கலங்குவது பிழையா? ஔதாரிக சரீரம் புத்கலங்களால் ஆனது. சேர்வதும் உதிர்வதும் அதன் இயல்பு. தோலைத் தாங்கும் கொல்லாஜன், எலாஸ்டின் எனும் புரதங்கள் வயதேறக் குறைகின்றன என மருத்துவம் கூறும். வெயிலின் புறஊதாக் கதிரும் புகைப்பழக்கமும் அதனை விரைவுபடுத்தும். கழனியில் உழைக்கும் நம் குடும்பத்தார் தலைக்குத் துண்டோ குடையோ கொள்வது உடலோம்பல். அதனைப் பற்று எனப் பழித்தல் தகாது. முனிவர் விரதத்தை இல்லறத்தார்மேல் ஏற்றுவானேன்?

சிக்கல் களிம்புக் குப்பியில் இருக்கிறது. கொல்லாஜன் பெரும்பாலும் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அதன் மூலக்கூறு பெரிது; பூசினால் தோலுக்குள் இறங்காது, மேலே ஈரங்காத்து நிற்கும். அவ்வளவே! ஸ்குவாலீன் சுறாவின் ஈரலிலிருந்தும் வரும், ஆலிவிலிருந்தும் வரும். அழகுப்பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதை இந்தியா 2014இல் தடைசெய்தது. அத்தடை சோதனைக்கே, உட்பொருளுக்கன்று.

கிழங்கையும் விலக்கி உண்ணும் இல்லத்தில், இன்னோர் உயிரின் தோலை முகத்தில் பூசலாமா? உட்பொருளின் மூலம் எதுவெனத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்போம். விடை வரும்வரை ஈரங்காக்க நல்லெண்ணெய் இருக்கிறது.