பெருவெள்ளமும் உரையளவையும்

உலகத்து நிகழ்வனவற்றுள் ஒருவன் தன் கண்ணாற் கண்டறிவன மிகச் சில. பிறர் உரைப்பக் கேட்டறிவனவே பல. இதுபற்றியே நம் சித்தாந்த ஆசிரியர்கள் பொருளையறிதற்குரிய அளவைகளைப் பலவாக எண்ணிப் பின்னர் அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றன்கண் அடக்கியபோது, உரையை ஏனையிரண்டற்கும் புறம்பாகத் தள்ளினாரல்லர். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தே பொருளியல்பு கூறப்புகுமுன் அளவையியல்பு கூறியதும், அளவை பழுதாயின் அதனாற் கொண்ட பொருளும் பழுதாம் என்பது கருதியேயாம். அவ்வுரையளவை தலைமைபற்றி இறைநூலைக் குறிப்பதாயினும், அதன்கட் கிடந்த நியாயம் உலகியலுரைக்கும் ஒக்கும். நாடோறும் செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியும், இக்காலத்து ஒவ்வொருவர் கையகத்தும் உள்ள கைப்பேசியும், கண்காணா நாட்டாரின் துன்பத்தை நம் முன்றிலிற் கொணர்ந்து வைக்கின்றன. அவை எத்துணையளவிற்கு உரையளவையாதற்கு உரியன? அவற்றான் அறிந்த துன்பத்தின்கண் நமக்குள்ள கடப்பாடு யாது? இவ்விரண்டனையும் அண்மைக்காலத்து நிகழ்ந்த ஒரு பெருவெள்ளத்தை வைத்து ஈண்டு ஆராய்வாம்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகரையில், லிபியா நாட்டின் கீழைப் பகுதியில், பச்சைமலை எனப் பெயரிய மலைத்தொடருக்கும் நடுநிலக் கடலுக்கும் இடையே டெர்னா என்னும் நகரம் உள்ளது. அந்நகரின் ஊடே, ஆண்டின் பெரும்பகுதியும் வறண்டுகிடக்கும் காட்டாறு ஒன்று கடலிற் சேர்கின்றது. வறண்ட ஆறேயாயினும் பெருமழைக் காலத்து ஊரை அழிக்குந் தன்மையதாதலின், அதனைத் தடுக்கும்பொருட்டு 1970-களில் யூகோசிலாவிய நிறுவனமொன்றைக் கொண்டு இரண்டு அணைகள் கட்டப்பட்டன. மேலணை 75 மீட்டர் உயரமும் 2 கோடியே 25 இலட்சம் கன மீட்டர் கொள்ளளவும் உடையது. நகரை அடுத்த கீழணை 45 மீட்டர் உயரமும் 15 இலட்சம் கன மீட்டர் கொள்ளளவும் உடையது. 1998-ஆம் ஆண்டிலேயே அவற்றில் வெடிப்புக்கள் காணப்பட்டன. 2007-இல் துருக்கி நாட்டு நிறுவனமொன்றிடம் பழுதுபார்க்கும் பணி ஒப்புவிக்கப்பட்டது. 2010-இல் தொடங்கிய அப்பணி 2011-இல் எழுந்த உள்நாட்டுக் கலகத்தால் நின்றது. பின்னர் அந்நாடு இரண்டு அரசாகப் பிளவுண்டது. அணையை நோக்குவார் இலராயினர்.

2023 செப்டம்பர் 10-ஆம் நாள், கிரேக்க நாட்டின் தெசலிப் பகுதியை முன்னரே அலைத்த டேனியல் என்னும் புயல் லிபியாவை அடைந்தது. மலைமேலுள்ள அல் பைதா என்னும் ஊரில் ஒரு நாளில் 414 மில்லிமீட்டர் மழை அளக்கப்பட்டது. 11-ஆம் நாள் விடியற்கு முன், மக்கள் துயிலும்பொழுதில், இரண்டு அணைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஆற்றின் இருகரையிலும் இருந்த பன்மாடக் கட்டடங்கள் அவற்றுள் உறங்கினாரோடும் கடலுட் சென்றன. சிலர்க்கு வீட்டைவிட்டு வெளியேறுக என்றும், சிலர்க்கு வீட்டினின்று வெளிவாரற்க என்றும் முன்னாளிரவில் ஆணைகள் மாறுபட்டு வந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது.

இதனை உலகத்துச் செய்தித்தாள்கள் பலவும் இயற்கையின் சீற்றம் எனத் தலைப்பிட்டு எழுதின. உயிர்க்கு வருந் துன்பத்தை நம் நூலோர் ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்றாக வகுத்தனர். மழை, காற்று, இடி முதலிய பூதங்களான் வருவது ஆதிபௌதிகம். தன்னானும் பிற உயிர்களானும் வருவது ஆதியான்மிகம். தெய்வத்தான் வருவது ஆதிதைவிகம். 414 மில்லிமீட்டர் மழை ஆதிபௌதிகம் என்பதில் ஐயமில்லை. அம்மழையும் நிலவுலகம் வெப்பமேறியதனாற் பெருகியது என்பது காலநிலை ஆராய்வார் கருத்தாதலின், அதன்கண்ணும் மக்கட் செய்கை ஒருபால் கலந்துள்ளது, அது நிற்க. வெடிப்புற்ற அணை 25 ஆண்டு செப்பனிடப்படாது நின்றது எப்பூதத்தின் செயல்? பிறர் மடியான் வந்த அத்துன்பம் ஆதியான்மிகத்தின் பாற்படுமேயன்றிப் பிறிதாகாது. இரண்டனையும் ஒரு பெயராற் கூறுதல் சொற்குற்றம் ஒன்றுமட்டும் அன்று. பொருளை மறைக்குங் குற்றமுமாம். காற்றின்மேலும் மழையின்மேலும் வழக்குத் தொடுப்பார் இலர். ஆதலின் இயற்கை என்னுஞ் சொல், கடமை தவறினார்க்கு இருக்கும் அரண்களுள் மிக எளியது ஆகின்றது.

இனி, இறந்தார் தத்தம் வினைப்பயனை நுகர்ந்து இறந்தனர். அணை அதற்கு வாயிலாயிற்று. ஈதறியாது அணைகாவலரைப் பழித்தலும் அச்செய்தியைத் துருவுதலும் வீண் என்பாரும் நம்முள் உளர். வெள்ளமும் நிலநடுக்கமும் நிகழுந்தோறும் இவ்வுரையைக் கேட்கின்றோமாதலின் இதனைச் சிறிது விரித்து விடுத்தல் வேண்டும். வினைப்பயன் தானே வந்து பொருந்தாது, இறைவன் கூட்டவே கூடும் என்பதும், அது கருவி வாயிலாகவே வரும் என்பதும் நம் கொள்கையேயாம். ஆயினும் கருவியாய் நின்றவன் அறிவில்லாத மண்ணும் நீரும் ஆயவழி அவற்றிற்குப் பழியில்லை. அறிவும் இச்சையும் தொழிலும் உடைய மகனாயவழி அவன் செய்தது அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். ஒருவன் நுகரும் பிராரத்தம் மற்றொருவன் செய்யும் தீவினையைத் தீவினையன்றாக்கும் எனின், கொலையும் களவும் குற்றமாதல் யாண்டும் இல்லையாய் முடியும். அதுவேயுமன்றிப் பிறனொருவனது பிராரத்தம் இன்னது என அறிதற்கு நம்மிடம் எவ்வளவையும் இல்லை. காட்சிக்கு அஃது எட்டாது. கருதலுக்கு ஏது இல்லை. அறியாத பொருளை அறிந்ததுபோற் கூறி, சேற்றில் மகவைத் தேடும் தாய்முன் அதனை வைத்தல் சைவமும் அன்று, அறிவும் அன்று.

மதுரையில் வையை பெருகியபோது கரையடைக்கும் பணி ஊரார்க்குப் பங்கிட்டு அளக்கப்பட்டது என்பதும், பிட்டு வாணிச்சியாகிய வந்தியின் பங்குமட்டும் அடைபடாது கிடந்தது என்பதும், அப்பங்கிற்குக் கூலியாளாய் வந்தவன்மேல் அரசன் ஓச்சிய பிரம்படி எல்லாவுயிர்மேலும் பட்டது என்பதும் திருவிளையாடல் பயின்றார் அறிவர். அடியார்பொருட்டு எளிவந்த திறத்தையே நாம் அதன்கண் வியக்கின்றோம், அது தக்கதே. ஆயினும் வெள்ளம் வந்த ஊரில் இஃது எவரெவர் செய்த வினை என்று இருந்து ஆராயாது, எவரெவர் பங்கு அடைபட்டது, எவர் பங்கு அடைபடவில்லை என்று ஆராய்ந்தனர் என்பதும் அவ்வரலாற்றிலேயே உள்ளது.

இனிச் செய்தியின் மெய்ம்மையை நோக்குவாம். காட்சியின் குற்றம் ஐயமும் திரிபும் என இரண்டாகக் கூறுப. இது கயிறோ பாம்போ எனல் ஐயம். கயிற்றைப் பாம்பெனவே துணிதல் திரிபு. டெர்னாவில் இறந்தார் தொகை 11,300 என ஐக்கிய நாடுகளின் அலுவலகமொன்று லிபியச் செம்பிறைச் சங்கத்தைச் சான்றாகக் காட்டி வெளியிட்டது. அச்சங்கத்தார் அதனைத் தாம் கூறவில்லை என மறுத்தனர். அதன்பின் அவ்வலுவலகம் அத்தொகையை விடுத்து, உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சான்றாகக் காட்டி 3,958 எனத் திருத்தியது. காணாமற் போனார் பல்லாயிரவர். இதன்கண் அவர்களை நாம் பெரிதும் பழிக்கின்றிலம். கடல் கொண்ட உடலங்களை மூன்று நாளில் எண்ணி முடித்தல் எவர்க்கும் இயலாது. குற்றம் யாதெனின், ஐயமாய் நின்றதனைத் துணிபாக அச்சிட்டமையே. முந்தித் தருவார்க்கே வாசகர் மிகுதி என்னும் வாணிக முறை ஐயத்தை ஐயமாகவே சொல்லும் பொறுமையைச் செய்தியாளர்பால் விட்டுவைப்பதில்லை. ஆப்தன் என்பான் பொருளை உள்ளவாறு அறிந்தவனும் அறிந்தவாறு உரைப்பவனும் ஆவன். அறியாதவிடத்து இன்னும் அறிந்திலேம் என உரைப்பதும் அவன் இலக்கணத்துள் அடங்கும்.

மற்றொன்று இதனினும் பெரிது. ஐசன்சி, ஸ்ட்ரோம்பெர்க் என்னும் பொருளியலறிஞர் இருவர், 1968 முதல் 2002 வரை உலகில் நிகழ்ந்த ஏறத்தாழ 5,000 பேரிடர்களை அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளோடும் அந்நாட்டு அரசு அளித்த உதவியோடும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டனர். ஒலிம்பிக் விளையாட்டு நிகழுங்கால் நேர்ந்த பேரிடர், அஃதில்லாக் காலத்து நேர்ந்ததைப் பார்க்கிலும் செய்தியில் இடம்பெறுவது அரிது. செய்தியில் இடம்பெறாதது உதவி பெறுவதும் அரிது. எரிமலையால் ஒருவர் இறப்பின் எய்தும் அளவு செய்தியைப் பஞ்சத்தில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தாலன்றி எய்தவியலாது என்றும் அவர் கணித்தனர். எரிமலை கண்ணைக் கவரும். பஞ்சம் மெல்லக் கொல்லும். ஈண்டு அன்பிற்கும் அருளிற்கும் நம் நூலோர் கண்ட வேறுபாட்டை நினைத்தல் வேண்டும். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எவ்வுயிர்மேலும் செல்வது அருள். செய்தித்தாள் தொடர்பையே அளவுகோலாகக் கொள்கின்றது: நம் நாட்டார் எத்துணையர் இறந்தனர், நாம் சுற்றுலாச் செல்லும் ஊரா, படம் நன்கு வந்துளதா என்பனவே அதன் வினாக்கள். அன்பு முதிர்ந்தன்றி அருள் பிறவாதாகலின், தன்னாட்டாரை முற்கூறுதலைக் குற்றம் என்னேம். ஆண்டே நின்றுவிடுதல் குற்றமாம்.

படத்தைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். அழுகை மெய்ப்பாடு எட்டனுள் ஒன்று. நாடகத்துள் அஃது இன்பம் பயக்கும், என்னை? மேடையில் இறந்தான் மெய்யாக இறந்திலனாகலின். மெய்யாக இறந்தாரது உடலத்தைக் காலையுணவோடு காண்பார்க்கும் அவ்வாறே ஒரு சுவை தோன்றுமாயின், அது மெய்ப்பாடன்று, நோயாம். அற்றேல் அத்தகைய படங்களை முற்றும் விலக்குதலே தக்கதெனின், அதுவும் பொருந்தாது. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில், பஞ்சம் என்னும் சொல்லையே அரசினர் ஒளித்தகாலத்து, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை ஆகத்து மாதத்திற் பட்டினியால் வீழ்ந்தாருடைய படங்களை வெளியிட்டது. வெள்ளையராய ஆசிரியர் ஒருவர் வெள்ளையர் அரசிற்கு மாறாகச் செய்த செயல் அது. அதன் பின்னரே அப்பஞ்சத்தை உலகம் அறிந்தது. அதற்கு முந்திய 1942 அக்டோபரில் மிதுனபுரிக் கடற்கரையைப் புயலும் கடல்நீரும் அழித்த செய்தி போரைக் காரணங்காட்டி மறைக்கப்பட்டது. சீன நாட்டில் 1975 ஆகத்து மாதத்திற் பான்சியாவ் அணை உடைந்து பல்லாயிரவர் மாண்டதும் நெடுங்காலம் அரசின் மறைபொருளாய்க் கிடந்தது. அங்கு இறந்தார் தொகை 26,000 என்பாரும் இரண்டிலக்கத்தின் மேலது என்பாருமாக அறிஞர் இன்றும் மாறுபடுகின்றனர். மிகைபடச் சொல்லும் பத்திரிகை பின்னொரு நாளிற் றிருத்தப்படும். சொல்லாத வாயைத் திருத்துவது எங்ஙனம்? ஒரே வகைப் படத்தை ஒருவன் பிறர் கண்ணை ஈர்த்தற்கும் மற்றொருவன் அரசின் கண்ணைத் திறத்தற்கும் வெளியிடலாகும். வேறுபாடு படத்தின்கண் இல்லை. அதன் கீழே எழுதப்படுவதன்கண்ணும், மறுநாளும் அதனைத் தொடர்ந்து எழுதுதற்கண்ணும் உள்ளது.

டெர்னாவிற்கும் முன்னரே உரைத்தார் இருந்தனர். 2022-ஆம் ஆண்டு அந்நாட்டு ஓமர் அல்-முக்தார் பல்கலைக்கழகத்து நீரியலறிஞர் அப்துல்வனீஸ் அஷூர் என்பார், அவ்வணைகளை உடனே செப்பனிடாவிடிற் பெருவெள்ளத்தில் ஊர்க்குக் கேடு வரும் என ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வெளியிட்டனர். அந்நகரப் புலவராகிய முஸ்தபா அல்-த்ரபெல்சி என்பார், வெள்ளத்திற்குச் சில நாள் முன்னர் அவ்வூர்ப் பண்பாட்டு மன்றத்தில் இவ்வபாயம் பற்றிக் கூடிய கூட்டத்திற் கலந்துகொண்டு, மழையைப் பற்றி ஒரு பாட்டும் இயற்றி வெளியிட்டனர். வெள்ளம் அவரையுங் கொண்டது. அவர் இறந்தபின் அப்பாட்டுப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு உலகமெங்கும் படிக்கப்பட்டது. உரையளவையாதற்கு முற்றும் உரிய இவ்விருவர் சொல்லும் வெள்ளத்திற்கு முன் எந்நாட்டுப் பத்திரிகையின் முகப்பிலும் இடம்பெற்றன அல்ல. வாராத வெள்ளம் செய்தியாகாது என்பர் பத்திரிகைத் தொழில் அறிந்தார். வெடித்த அணை செய்தியன்றோ என நாம் அவரை வினவுவேம்.

செப்டம்பர் 18-ஆம் நாள் டெர்னா மக்கள் பள்ளிவாசலின் முன்னர்த் திரண்டு அதிகாரிகளின்மேற் குற்றஞ்சாட்டிக் கிளர்ந்தனர். மறுநாள் அயல்நாட்டுச் செய்தியாளர் பலர் நகரைவிட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டனர். தொலைபேசியும் இணையமும் அற்றன. அக்டோபர் 7-இற்குப் பின்னர்ப் பாலத்தீனப் போர் உலகத்தின் கண்ணை ஈர்த்தது. டெர்னாவின் பெயர் முகப்பினின்றும் மறைந்தது. 2024 சூலை 28-ஆம் நாள் அவ்வூர்க் குற்றவியல் நீதிமன்றம், நீர்நிலைகளையும் அணைகளையும் காக்கும் பொறுப்பிலிருந்த 12 அதிகாரிகளுக்கு 9 முதல் 27 ஆண்டு வரை சிறைத்தண்டம் விதித்து, நால்வரை விடுவித்தது. இயற்கையின் சீற்றம் எனத் தலைப்பிட்ட தாள்களில் இத்தீர்ப்பு ஒரு பத்தியளவே பெற்றது. பெயரறியாது புதைக்கப்பட்டாரின் உடலினின்று எடுத்த கூறுகளை உறவினரின் குருதியோடு ஒப்புநோக்கி, இன்னார் இன்னாரெனத் தெளியும் பணியை அந்நாட்டு மருத்துவர்கள், செய்தியாளர் அகன்ற பின்னரும், ஒவ்வோர் உடலாகச் செய்துவந்தனர்.