தளராத உள்ளமே திருவுக்கு வித்து

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலத்தில் எம்பெருமானை ஸேவிக்க வரும் அன்பர்களின் கையில் துளசியும் தேங்காயும் பழமும் இருக்கும். நெஞ்சிலோ வேறொரு சுமை இருக்கும். ஆலையில் ஆட்குறைப்பு என்று கேட்டு வந்தவர் உண்டு. கடையைத் திறந்து வைத்தும் மாலை வரையில் வியாபாரம் காணாதவர் உண்டு. நூல் வாங்க வழியின்றித் தறியை நிறுத்திவிட்டு வந்தவரும் உண்டு. இவர்கள் அனைவரும் திருவடிகளில் வைக்கும் கேள்வி ஒன்றே: "உழைத்தும் பலன் இல்லையே, இன்னும் எதை நம்பி உழைப்பது?"

இதற்கு விடை ஸுந்தர காண்டத்தில் இருக்கிறது. கஷ்டம் வந்தால் அக்காண்டத்தைப் பாராயணம் செய்வது பெரியோர் வகுத்த வழக்கம். சிறிய திருவடியாகிய ஹனுமான் கடலைத் தாண்டியதையும், இலங்கையை எரியூட்டியதையும் அறியாதார் இல்லை. ஆனால் அவர் மனமுடைந்து நின்ற இடத்தை ஊன்றி நோக்குவோர் சிலரே.

பிராட்டியைத் தேடி அவர் இராவணனுடைய அந்தப்புரம் முழுவதும் அலைந்தார். மண்டோதரியைக் கண்டு பிராட்டியோ என மயங்கினார். மகிழ்ச்சி மிகுந்து வாலை முத்தமிட்டுத் துள்ளினார். மறுகணமே, பெருமாளைப் பிரிந்த பிராட்டி இவ்வாறு அலங்கரித்துக்கொண்டு உறங்குவாளோ என்று தெளிந்தார். நம்பிக்கை வந்த வேகத்தில் போயிற்று. சோர்வு சூழ்ந்தது. அப்போது அவர் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, உள்ளம் தளராமையே எல்லாச் செல்வத்துக்கும் வேர் என்று உணர்ந்து எழுந்தார். இந்தத் தளராமைக்கு வால்மீகி பகவான் இட்ட பெயர் 'அநிர்வேதம்'.

ஊக்கம் கொண்டவுடன் காரியம் கைகூடியதா என்றால், இல்லை. நான்கு விரல் அளவு இடமும் விடாமல் மறுபடியும் தேடினார், பிராட்டியைக் காணவில்லை. முன்னிலும் பெரிய சோர்வு வந்தது. வெறுங்கையோடு திரும்பினால் சக்ரவர்த்தித் திருமகன் உயிர் தரியார். இளைய பெருமாளும் தரியார். பரதனும் சத்ருக்நனும் தாய்மாரும் ஸுக்ரீவனும் அழிவர் என்று எண்ணி எண்ணி உருகினார். கிஷ்கிந்தைக்குத் திரும்புவதே இல்லை, காட்டில் மரத்தடியில் கிடப்பது அல்லது உயிரை விடுவது என்கிற அளவுக்கு அந்த மகாவீரரின் மனம் சென்றது.

வேலை போன செய்தியை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெருமுனையிலேயே நின்றுவிடும் கிருஹஸ்தனின் நிலை இதுவேயன்றோ? தன் பசியைவிடத் தன்னை நம்பியிருப்பவர்களின் முகமே அவனை வாட்டுகிறது. அத்தகையவன் ஒன்றை அறிதல் வேண்டும். சோர்வு வருவது குற்றமன்று. அது திருவடிக்கே இரு முறை வந்தது.

அவர் மீண்ட விதமே பாடம். மாய்வதால் விளையும் தோஷங்கள் பல. உயிர் தரித்திருந்தாலன்றோ நன்மை வந்து சேர இடமுண்டு என்று முதலில் நிச்சயித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். மரங்கள் அடர்ந்த அசோகவனம் கண்ணில் பட்டது. அதை இன்னும் தேடவில்லை! எல்லாம் நலமாகவே முடியும் என்று எவரும் அவருக்கு உறுதி கூறவில்லை. செய்யாமல் விட்டது ஒன்று உண்டு என்பதை மட்டும் கண்டார். பெருமாளையும் இளைய பெருமாளையும் பிராட்டியையும் தேவர்களையும் வணங்கிப் புறப்பட்டார். சிம்சுபா மரத்தடியில் பிராட்டி இருந்தாள்.

கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் கண்ணன் எம்பெருமான் ஸாத்விகமாகத் தொழில் புரிபவனின் இலக்கணமாக த்ருதி, உத்ஸாகம் என்னும் இரண்டையும் சேர்த்தே அருளுகிறான். பாஷ்யகாரராகிய எம்பெருமானார் இவற்றுக்கு உரைத்த பொருள் அழகியது. தொடங்கிய காரியம் முடியும் வரையில் தவிர்க்க முடியாத துன்பத்தைத் தாங்குவது த்ருதி. முயற்சியில் முனைந்து நிற்கும் மனமே உத்ஸாகம். துன்பமே இல்லை என்று நடிப்பதை அவர் உத்ஸாகம் என்று கூறவில்லை. துன்பம் உண்டு, அதைத் தாங்கிக்கொண்டே கை வேலையைச் செய்கிறது.

இதனை அண்மைக் காலத்திலும் உலகம் கண்டது. 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. தமிழ்நாட்டில் திருக்கோயில்கள் யாவும் அன்பர்களுக்குத் திறக்க அனுமதி கிடைத்தது அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்றுதான். அந்த மாதங்களில் மாட வீதிகள் வெறிச்சோடின. பூ தொடுப்பவரும் தேங்காய்க் கடை வைத்திருப்பவரும் வருவாயின்றித் தவித்தனர். ஆயினும் சாத்திய கதவுகளுக்குள் விடியற்காலையில் திருவிளக்கு ஏற்றப்பட்டது. நித்ய ஆராதனம் நடந்தது. ஸேவிப்பார் இல்லை என்று விளக்கு தன் ஒளியைக் குறைத்துக்கொள்ளவில்லை. மெலிந்த காலத்தில் செய்யும் தொழிலும் அவ்வாறே இருத்தல் வேண்டும். வியாபாரம் குறைந்ததென்று எடையைக் குறைக்கலாகாது. கூலி குறைந்ததென்று நெசவில் இழையைக் குறைக்கலாகாது. தெரிந்த தொழில் கைகொடாதபோது, தேடாத அசோகவனம் ஏதும் உண்டோ என்று பார்க்க வெட்கப்படலாகாது.

இவ்வுபதேசம் அல்லலுறுவோருக்கு மட்டும் உரியதன்று. பிலத்தினுள் பசியாலும் தாகத்தாலும் களைத்து விழுந்த வானரர்களுக்கு ஸ்வயம்ப்ரபை முதலில் உணவளித்தாள். அதன் பிறகே அவர்கள் வந்த காரியத்தைக் கேட்டாள். கடற்கரையில் திகைத்து நின்றபோது ஹனுமானின் பலத்தை அவருக்கே நினைவூட்டியவர் ஜாம்பவான். ஆகவே வசதி உள்ளவன் பசித்தவனுக்கு முதலில் அன்னமிட வேண்டும். தைரியம் கூறுவது அதன் பின்னரே. முதலாளி கூலியைக் காலத்தில் கொடுத்து, கஷ்ட காலத்திலும் இயன்ற மட்டும் எவரையும் கைவிடாதிருத்தல் வேண்டும். வேலையிழந்த அண்டை வீட்டானிடம் 'உன்னால் முடியும்' என்று சொல்லி, தெரிந்த இடத்துக்கு அழைத்துச் செல்பவனே இக்காலத்து ஜாம்பவான்.

திருத்தேர் வடத்தைத் தனி ஒருவன் இழுத்தால் தேர் அசையாது. பலர் கூடிப் பிடித்தும் முதல் இழுப்பில் நகராதிருப்பதுண்டு. அதற்காக எவரும் வடத்தை விட்டுவிடுவதில்லை. இவ்வுத்ஸவத்தில் வடம் பிடிக்கும் கைகள் வீடு திரும்பியபின் தத்தம் தொழிலையும் அவ்வாறே பற்றி நிற்கப் பிராட்டியோடு கூடிய எம்பெருமான் திருவருள் புரிவானாக.

சுபம்.