தங்கைக்குத் தோட்டம், புரோக்கருக்கு மனை

ஓடைப்பட்டிப் பக்கம் ஒரே நிலத்துக்கு இரண்டு விலை உண்டு. கூடப்பிறந்தவளிடம் கையெழுத்து வாங்கும் நாளில் அது வறண்ட காடு. "கெணத்துல தண்ணி இல்ல தாயி, பழத்துக்கு வெல இல்ல, கடன்தான் மிச்சம்." ஆறு மாதம் கழித்துப் புரோக்கர் வந்து வரப்பில் நிற்கும்போது அதே காட்டில் தண்ணீர் ஊறிவிடும், மேகமலைக் காற்று வீசத் தொடங்கிவிடும், தார்ரோடும் பக்கத்தில் வந்துவிடும். தங்கையிடம் ஏக்கரில் பேசியவர் புரோக்கரிடம் சதுர அடியில் பேசுவார்.

இந்த அளவுமாற்றத்தில் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். விலை நான் வைத்துக்கொள்வதுதான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டமாக ஏக்கர் 30 லட்சம் என்றால் சென்ட் 30,000 ரூபாய். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மனையாகச் சதுர அடி 400 ரூபாய்க்குப் போனால் ஒரு சென்ட் ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரம். கால்வாசி இடம் பாதைக்குப் போனாலும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் நிற்கும். அதாவது நாலு மடங்குக்கும் மேல். இந்த நாலு மடங்கை அண்ணன் உழுது விளைவிக்கவில்லை. ரோடு போட்ட அரசாங்கமும், வகைமாற்றத்துக்குக் கிடைத்த ஓர் உத்தரவும் சேர்ந்து விளைவித்தது அது. அதில் தங்கைக்குப் பங்கில்லை என்று சொல்ல எந்த நியாயம் இருக்கிறது?

நிலத்தை விற்பதே பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. "மண்ணை விற்பது தாயை விற்பது" என்பது மேடைக்கு நல்ல வசனம். கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போடுகிறவனுக்கு அது உதவாது. ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஊர். பந்தல் போட்டதும் பணம் வந்துவிடாது. கொடி ஏறிப் படர வேண்டும், கவாத்து அடித்து ஏறக்குறைய நாலு மாதம் காத்திருக்க வேண்டும், அறுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் ரோட்டோரத்து ஐம்பது சென்ட்டை மனையாக்கி விற்று, வந்த பணத்தில் கடனை அடைத்து, மீதி இரண்டரை ஏக்கருக்குச் சொட்டுநீர் போட்டால் அது புத்திசாலித்தனம். சாமி குத்தம் ஆகிவிடும் என்பார்கள். தங்கையிடம் ஏமாற்றி விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிய அன்றைக்குக் குத்தமாகாத சாமிக்கு இது மட்டும் எப்படிக் குத்தமாகும் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் 47ஏ பிரிவு, திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தையும் அனுமதி இல்லாமல் வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் உத்தரவிட்ட பிறகுதான் கல் நட்டு, கொடி கட்டி விற்கிற வேகம் கொஞ்சம் அடங்கியது. இதை வெறும் ஆபீஸ் தொல்லையாகப் பார்க்கிறவர்கள் பக்கத்துத் தோட்டக்காரரை நினைப்பதில்லை. திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையில் தொடங்கி மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபது வீடு வந்ததும் முதல் புகார் அந்த மருந்தின் மேல்தான். இருபது வீட்டு போர்வெல்லும் அவர் கிணற்றின் ஊற்றைத்தான் உறிஞ்சும். விற்பனை விளம்பரத்தில் வாஸ்து இருக்கும், ஈசானிய மூலை இருக்கும். சாக்கடை எங்கே போகும் என்பது மட்டும் இருக்காது.

சரி, தங்கைக்குப் பங்கு கொடு என்றால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: "பொம்பளப் பிள்ளைகளுக்கும் பிரிச்சா நிலம் துண்டு துண்டாப் போயிருமே." கேட்பதற்கு அக்கறையாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 1970-71இல் 1.45 ஹெக்டேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பாதியாகிவிட்டது. அதே 2015-16இல் இந்திய அளவில் பெண்கள் பெயரில் இருந்த சாகுபடி உடைமைகள் நூற்றுக்குப் பதினாலுக்கும் கீழே. அப்படியானால் நிலத்தைத் துண்டு போட்டது யார்? அண்ணன் தம்பிகள்தான். சங்கிலி பிடித்து, கல் நட்டு, ஆளுக்கு ஒரு நீளத் துண்டாக, உழவு மாடு திரும்ப இடமில்லாத அளவுக்குப் பிரித்துக்கொண்டவர்கள் அவர்களே. அப்போது வராத கவலை தங்கை வாய் திறந்ததும் வந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிரிக்காமல் பங்கு வைக்க இந்த ஊருக்குத் தெரியும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். "கிணற்றில் நாலில் ஒரு பங்கும், மோட்டாரில் நாலில் ஒரு பங்கும், வாய்க்கால் பாத்தியமும், வண்டிப்பாதை பாத்தியமும்" என்கிற மாதிரி எழுதியிருக்கும். கிணற்றை யாரும் நடுவில் சுவர் வைத்து நாலாகப் பிரிக்கவில்லை. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மோட்டார் எரிந்தால் பங்குக்கு ஏற்பச் செலவு போட்டார்கள். பிரித்தால் உபயோகமில்லை என்று தெரிந்த இடத்தில் முழுசாக வைத்துப் பங்கை மட்டும் எண்ணினார்கள். திராட்சைப் பந்தலும் அப்படித்தான். நாலு ஓரத்துத் தூணும் இழுத்துப் பிடித்திருக்கும் கம்பி வலை அது. நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் தொய்ந்துவிடும். நிலம் ஒருவர் கையில், பங்கு எல்லோர் பெயரிலும், வருஷா வருஷம் குத்தகைக் கணக்கு எழுத்தில் என்று வைக்க என்ன தடை? கணக்கு எழுத வேண்டும் என்பதுதான் தடை.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இன் வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலே உரிமை என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேலியையும் எடுத்தது. 2005இல் தகப்பன் உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற வாதத்தை 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் முடித்துவைத்தது. சட்டம் இத்தனை படி ஏறியிருக்கிறது. வீட்டுத் திண்ணையிலோ இன்னும் "அதான் கல்யாணத்துக்கே செஞ்சாச்சே" என்ற ஒரே வரி. காதுகுத்துக்கும் சடங்குக்கும் தாய்மாமன் தட்டு வரிசையோடு வருவதைப் பெருமையாகப் பேசுகிறோம். அசலை அமுக்கிக்கொண்டு வட்டியை மேளதாளத்தோடு கொண்டுவந்து தருகிறவரை வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலிலாவது இப்படி மாலை போட்டு வரவேற்போமா?

சுவிட்சர்லாந்தில் 1991இல் இயற்றி 1994இல் நடைமுறைக்கு வந்த உழவர் நிலச் சட்டம் ஒன்று உண்டு. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான பண்ணையாக இருந்து, வாரிசுகளில் ஒருவர் தானே இறங்கி உழ முன்வந்தால் அவருக்கு நிலம் முழுசாகக் கிடைக்கும். அதுவும் சந்தை விலைக்கு இல்லை, அந்த நிலம் தரும் விளைச்சலுக்கு ஏற்ற குறைந்த விலைக்கு. உழுகிறவனுக்குச் சலுகை, உடன்பிறந்தவர்களுக்கு அதனால் நட்டம். ஆனால் 25 வருஷத்துக்குள் அவர் அதை விற்றால் கிடைக்கும் லாபத்தில் மற்ற வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. தோட்டம் என்று சொல்லி வாங்கினாயா, தோட்டமாகவே வைத்திரு. மனையாக்கினால் கணக்கைத் திரும்பத் திற.

நமக்குச் சட்டசபை கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுதலைப் பத்திரத்தோடு சேர்த்து, இத்தனை வருஷத்துக்குள் இந்த நிலம் மனையானாலோ விற்றாலோ கிடைக்கும் கூடுதல் பணத்தில் தங்கைக்கு இன்ன பங்கு என்று ஓர் ஒப்பந்தம் போட ஒரு வக்கீல் போதும். உண்மையிலேயே உழப்போகிற அண்ணனுக்கு இதில் ஒரு பைசா நட்டமில்லை. கையெழுத்துப் போடத் தயங்குகிறார் என்றால் அவர் மனசுக்குள் மனைக்கல் ஏற்கெனவே நட்டாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒன்று விட்டுப்போனது. இதைப் படித்துவிட்டு வேகமாகத் தலையாட்டுகிறவர்கள் மச்சான்மார்கள். மாமனார் வீட்டில் மனைவி பங்குக்காகப் பஞ்சாயத்து வைக்கிறவர், வக்கீல் நோட்டீஸ் விடுகிறவர், அதற்காகப் பெரியாரைக்கூட மேற்கோள் காட்டுகிறவர் எனக்குத் தெரிந்தே உண்டு. அவர் வீட்டுப் பீரோவில் அவருடைய தங்கை எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் இருக்கிறது. "யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக" என்று அதில் எழுதியிருக்கிறது. அண்ணே, அதில் போட்ட விலை ஏக்கர் விலையா, சதுர அடி விலையா?