வயதை மறைக்கலாமா?



நிக்காஹ் தஃப்தரை விரித்து வைத்து எழுதுகிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. மணமகளின் பெயரைக் கேட்டால் உடனே பதில் வரும். தகப்பனார் பெயர், மஹர் தொகை, சாட்சிகள் எல்லாவற்றுக்கும் தடையின்றிப் பதில் வரும். “வயது?” என்று கேட்டதும் பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆதார் அட்டை வராத காலம் அது. அப்படி ஒரு மஜ்லிஸில், “இருபத்துநாலுன்னு போட்டுக்குங்க ஹஜ்ரத்” என்றார் பெண்ணின் தாய்மாமா. நானும் எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளை எங்கள் மதரஸாவில் ஓதியவள். அவள் குர்ஆன் ஓதி முடித்த வருடம் எனக்கு நினைவிருந்தது. கணக்குப் பார்த்தால் இருபத்தெட்டுக்குக் குறையாது. ‘போட்டுக்குங்க’ என்ற சொல்லிலேயே விஷயம் இருந்தது. கூடியிருந்த சபையில் ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைப்பானேன் என்று பேனாவை ஓட்டிவிட்டேன்.

மறு வருடம் வளைகுடாவிலிருந்து வந்த மாப்பிள்ளை, மனைவிக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கேட்டிருக்கிறார். தம்மைவிட மனைவி இரண்டு வயது மூத்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. நேரே என்னிடம் வந்தார். “வயசு கூடங்கிறதுல எனக்கு ஒண்ணுமில்லை ஹஜ்ரத். இதைப் பொய் சொன்னவங்க இன்னும் எதையெல்லாம் பொய் சொல்லியிருப்பாங்களோன்னுதான் தூக்கம் வரல்லே” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பொய்யை எழுதிய கை என்னுடையது அல்லவா! அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், குடும்பம் நிலைத்தது. ஆனால் அந்தப் பெண் தன் மாமியார் வீட்டில் எத்தனை பேச்சுக் கேட்டாள் என்பதை அல்லாஹ்தான் அறிவான்.

சரி, கேட்கிறவர்களுக்கெல்லாம் வயதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? அப்படி மார்க்கம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் வயதைக் கேட்டபோது, உமது வேலையைப் பாரும் என்று சொல்லிவிட்டார்களாம். வயது குறைவென்று தெரிந்தால் மக்கள் அற்பமாகக் கருதுவார்கள், அதிகமென்று தெரிந்தால் புத்தி தளர்ந்துவிட்டது என்பார்கள், ஆகவே ஒருவர் தம் வயதைச் சொல்லித் திரிவது கண்ணியமான பழக்கமல்ல என்பது அவர்களுடைய கருத்து. எவ்வளவு அனுபவமான பேச்சு!

நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்ததும் ஒரு மாமி ஆரம்பிப்பார்: “இதுக்கு இப்ப என்ன வயசாச்சு? இன்னும் ஒண்ணும் அமையலையா?” அந்தக் குமரின் தொண்டையில் பிறகு சோறு இறங்குமா? பதில் சொல்ல வேண்டிய உம்மா, இரண்டு மூன்றைக் குறைத்துச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாள். பொய் சொன்னவளை நாம் கண்டிக்கிறோம். அந்தப் பொய்யை அவள் வாயிலிருந்து பிடுங்கிய கேள்வியை யாரும் கண்டிப்பதில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பாவத்தில் பாதி கேட்டவரைச் சேரும் என்பேன். சம்பந்தம் பேச வந்தவர் கேட்கலாம், வைத்தியர் கேட்கலாம். ஸஹனில் கை வைத்திருப்பவருக்கு அது எதற்கு? அப்படிப்பட்டவரிடம் வயதைச் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடலாம், அது குற்றமாகாது.

ஆனால் இன்னொருவருடைய உரிமை சம்பந்தப்பட்ட இடத்தில், மறைப்பதும் மாற்றிச் சொல்வதும் மோசடியாகிவிடுகிறது. நிக்காஹ் அப்படிப்பட்ட இடம். இதில் பெண் வீட்டாரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. உமர் (ரலி) அவர்களுடைய காலத்தில் ஒருவர் நரைத்த முடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு நிக்காஹ் செய்த செய்தியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் குறிப்பிடுகிறார்கள். சாயம் வெளுத்து நரை தெரிந்ததும் பெண்ணின் குடும்பத்தார் கலீஃபாவிடம் முறையிட்டார்கள். அந்த நிக்காஹை ரத்துச் செய்து, வாலிபத்தைக் காட்டி மக்களை ஏமாற்றி நரையை ஒளித்தாயே என்று அந்த மனிதரை அடித்துத் தண்டித்தார்கள் உமர் (ரலி) அவர்கள். மறுமணத்துக்குப் பெண் தேடும்போது சாயப் பொட்டலத்தை முதலில் தேடுகிற பெரியவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை!

வயதும் வருடமும் சரியாக இருப்பது தீனுக்கே காவலாக இருந்தது என்பதை ஹதீஸ் கலை படித்தவர்கள் அறிவார்கள். காலித் இப்னு மஃதான் (ரஹ்) அவர்களிடம் ஹதீஸ் கேட்டதாக ஒருவர் இராக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார். இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் (ரஹ்) அவர்கள் அவரிடம் போய், எந்த ஆண்டு கேட்டீர் என்று விசாரித்தார்கள். ஹிஜ்ரி 113 என்றார் அவர். காலித் வஃபாத்தானதோ ஹிஜ்ரி 106-ல். இறந்து ஏழு வருடம் கழித்தா கேட்டீர் என்ற ஒரு கேள்வியிலேயே பொய் அம்பலமாகிவிட்டது.

இவ்வளவுக்கும், வயதில் வெட்கப்பட என்னதான் இருக்கிறது? உம்முல் முஃமினீன் கதீஜா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களைவிட மூத்தவர்கள். நிக்காஹின்போது அவர்களுக்கு வயது நாற்பது, நாயகத்துக்கு இருபத்தைந்து என்பது பிரபலமான அறிவிப்பு. அந்த வித்தியாசத்தை யாரும் மறைக்கவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியாருக்குக் குழந்தை பிறக்கும் என்று மலக்குகள் நற்செய்தி சொன்னபோது, நானோ கிழவி, என் கணவரோ முதியவர் என்று தம் வாயாலேயே சொன்னதைத் திருமறை ஸூரத்து ஹூதில் பதிவு செய்திருக்கிறது. ஜக்கரிய்யா (அலை) அவர்கள் தம் எலும்புகள் பலவீனப்பட்டதையும் தலை நரைத்ததையும் சொல்லித்தான் துஆவையே தொடங்குகிறார்கள்.

நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்கள் வயதில் சில ஆண்டுகள் மூத்தவர்கள். உங்கள் இருவரில் பெரியவர் யார் என்று கேட்கப்பட்டபோது, அவர்கள்தாம் என்னைவிடப் பெரியவர்கள், நான் அவர்களுக்கு முன்னால் பிறந்தேன் என்றார்களாம். உண்மையும் குறையவில்லை, அதபும் குறையவில்லை.

நம்மிடம் இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று யோசித்தால், பஸ்ஸில்தான் தொடங்குகிறது. “கண்டக்டர் கேட்டா நாலு வயசுன்னு சொல்லு” என்று பிள்ளையின் காதில் ஓதுகிறோம். அது பாவம், சென்ற மாதம்தான் ஆறு முடிந்ததென்று சந்தோஷப்பட்ட பிள்ளை! அரை டிக்கெட் காசுக்காக அதற்குப் பொய்யைப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுபிள்ளையாக இருந்தபோது, அவருடைய தாயார், வா, ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார்கள். அங்கே வீற்றிருந்த நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினாய் என்று கேட்டார்கள். பேரீத்தம் பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். பழத்துக்கே இந்தக் கணக்கென்றால் டிக்கெட்டுக்கு?

பிள்ளையின் சரியான வயதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற அடையாளங்கள் தோன்றாவிட்டாலும் பதினைந்து வயது பூர்த்தியானால் பிள்ளை பாலிகாகிவிடுகிறது. தொழுகையும் நோன்பும் அன்றே ஃபர்ளு. இந்தப் பதினைந்து, பிறைக் கணக்கு. பிறை வருடம் ஆங்கில வருடத்தைவிடப் பதினொரு நாள் அளவு குறைவு. ஆகவே ஆங்கிலக் கணக்கில் பதினான்கு வருடம் ஆறரை மாதம் ஆனதுமே கெடு வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக ஒரு தேதியைக் கொடுத்து, பிறகு அதையே நம்பிக்கொண்டிருக்கிற வீடுகளில் எத்தனை மாதத் தொழுகை களாவாகிப் போகிறதோ!

எங்கள் மஹல்லாவில் ஒரு பெத்தும்மா இருக்கிறார்கள். பிறந்த தேதி தெரியாது. விட்டுப்போன தொழுகைகளைக் கணக்கிட்டு நிறைவேற்ற ஆசைப்பட்டு, “எங்கேயிருந்து எண்ண?” என்று பேரனை அனுப்பிக் கேட்டார்கள். ஏதாவது அடையாளம் நினைவிருக்கிறதா என்று கேட்டு அனுப்பினேன். “தனுஷ்கோடிப் புயலடிச்ச வருஷம் நான் பெரிய மனுஷியானேன்” என்று பதில் வந்தது. அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. அங்கிருந்து எண்ணச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வக்துக்கும் கூட ஒரு களா என்று இப்போது தொழுது வருகிறார்கள்.