வேலிக்கு இந்தப் பக்கம்

"கோச்சிங் எல்லாம் சரி மாஸ்டர், வேலைக்கு எங்க போறீங்க?" பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டுவிடுவார்கள். சேலையூர்ப் பக்கம் ஒரு மண் மைதானத்தில் விடிகாலை விசிலோடு நின்றுகொண்டு, "இதுதாங்க வேலை" என்று தயங்காமல் சொல்ல எனக்குப் பல வருடம் பிடித்தது.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, சைதாப்பேட்டையில் இறங்கி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் படித்தவன் நான். 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கியது. இன்றைய பிள்ளைகளுக்கு வண்டலூர் தாண்டினால் மேலக்கோட்டையூரிலேயே விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படிப்பு கிடைத்துவிடும். அதற்குப் பிறகு வரும் பத்து வருடம்தான் கஷ்டம். பள்ளியில் தற்காலிக வேலை, சாயங்காலம் அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு வகுப்பு, மே மாதம் கோடை முகாம் என்று நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

என்னிடம் ஒரு பெண் நூறு மீட்டர் ஓடினாள். ஸ்டார்ட்டில் எழும்போதே தலை நிமிர்ந்துவிடும். எத்தனை முறை சொல்லியும் போகவில்லை. கவனக்குறைவு என்று கோபித்துக்கொண்டேன். ஒருநாள் பிளாக் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தேன். அக்காவின் பழைய ஸ்பைக்ஸ் ஷூ. நுனியில் துணி திணித்திருந்தாள். அழுத்தும்போதெல்லாம் குதிகால் உள்ளே வழுக்கியது. விழாமலிருக்கத்தான் நிமிர்ந்திருக்கிறாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அளவான ஸ்பைக்ஸ் வாங்கினோம். இரண்டு வாரத்தில் தலை தாழ்ந்தது.

பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில், பி.டி. உஷாவுக்கு வெண்கலம் நொடியில் நூறில் ஒரு பங்கில் போயிற்று. கண்ணூரில் சிறுமியாக இருந்த நாளிலிருந்து உஷாவைப் பழக்கியவர் அவர். 1985-ல் துரோணாச்சாரியா விருது தொடங்கியபோது முதல் வரிசையிலேயே அவர் பெயர் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு பங்கை அவர் ஓடிக் கொடுத்திருக்க முடியாது. துப்பாக்கி வெடித்த பிறகு எங்கள் கையில் ஒன்றுமில்லை.

என்னிடம் ஓடிய அந்தப் பெண் இப்போது விளையாட்டு விடுதியில் இருக்கிறாள். அனுப்பச் சொன்னதே நான்தான். மண் தரையில் அவளுக்கு நான் இனிச் சொல்லித்தர மிச்சமில்லை. அனுப்பிவிட்டு ஒரு வாரம் மைதானத்துக்குப் போகவே மனசில்லை.

போன மாதம் ஒரு போட்டியில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தலை தாழ்ந்தே புறப்பட்டாள். மூன்றாவது இடம். முடிந்ததும் அவளுடைய இப்போதைய கோச்சைத் தேடிப் போய், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால் அளவு பார்க்கச் சொன்னேன். வளர்கிற பிள்ளை.